பறிப்புக்கு முன் இருபது நாள்

ஏலக்காய் போட்ட டீயை நான் தொடுவதில்லை. போடியில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் இருபது வருஷம் பூச்சிமருந்தடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவன் நான். அந்தக் காயில் என்னென்ன அடிக்கிறோம் என்று தெரிந்தவனுக்கு வாசனையே குமட்டும்.

முத்துப்பேச்சி என் அக்கா அன்னக்கொடியின் மகள். நூறு மீட்டர் ஓட்டத்தில் வெளிநாட்டில் இரண்டு வெள்ளி வாங்கியவள். அவளுக்குத் தாய்மாமனும் நான்தான், ஓட்டம் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். பதினொரு வயதில் குரங்கணி ரோட்டில் அவள் ஓடிய வேகத்தைப் பார்த்ததும், இது பாதியில் நின்றுவிடுமே என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் பிள்ளை வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். பந்தல், பிளக்ஸ், கறிச்சோறு. அடுத்து மாப்பிள்ளைப் பேச்சு, அதோடு ஓட்டம் முடிந்தது. சீ, அந்தக் கூத்தை நினைத்தாலே எனக்கு அருவருப்பு.

ஆகவே அவள் வயசுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். மதுரையில் ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்றுகிறவர்களுக்கு மாத்திரை விற்கிற ஒருவனைப் பிடித்தேன். தினமும் காலையில் பயிற்சி முடிந்ததும் நான் கொடுக்கிற பாலில் ஒன்றைப் பொடித்துக் கலந்தேன். கசப்புத் தெரியாமல் இருக்க ஏலக்காய் தட்டிப் போட்டேன். வேகம் ஏறியது. குரல் கட்டையானது. மேலுதட்டில் முடி வந்தபோது பார்லருக்கு நானே கூட்டிப்போனேன்.

பதினேழு முடியும்போது அக்கா வந்து அழுதாள்.

"தம்பி, புள்ள இன்னும் வயசுக்கு வரலயேடா. எங்குட்டாவது காட்டுவமா?"

ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் தாமதமாகும் என்றேன். பாவம், நம்பிவிட்டாள்.

சோதனையில் மாட்டாமலிருக்க எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். காய் பறிப்புக்கு இருபது நாள் முன்பே மருந்தடிப்பதை நிறுத்திவிடுவோம். போட்டிக்கு முன்னால் அவளுக்கும் அப்படியே நிறுத்தினேன். ஏழு வருஷம் பலித்தது. போன வைகாசியில் ஊக்கமருந்து சோதிக்கிற ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் பயிற்சி முகாமுக்கே வந்து சிறுநீர் வாங்கிப்போனார்கள். அப்போது நிறுத்தி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

நான்கு வருஷம் ஓடக் கூடாதென்று தடை போட்டார்கள். அதற்கப்புறம்தான் அக்கா அவளை மதுரைக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வளரவே இல்லை, எப்போதோ கூட்டி வந்திருக்கலாமே என்றாராம்.

வீட்டுச் சோற்றையும் நான் கொடுத்ததையும் தவிர வேறெதையும் அவள் வாயில் வைத்ததில்லை. அதனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் என் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, நான் தெரிஞ்சு திங்கலன்னு மட்டும் எழுதிக் குடுத்திருங்க. ஊரு காறித் துப்புது. வேற எதுவும் உங்கட்ட கேக்க மாட்டேன்."

மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். பதக்கம் வாங்கின பிள்ளை இப்படியா நிற்பது? எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவளுக்கு மாத்திரை எப்படிக் கிடைத்தது என்று கேட்டு நேற்று அந்த ஆட்கள் என்னிடம் விசாரணைக்கு வந்தார்கள். அவளே எனக்குத் தெரியாமல் வாங்கித் தின்றாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இனி அவளுக்கு ஓட்டம் இல்லை, கல்யாணமும் இல்லை. இந்தப் பழியால் அவளுக்குப் புதிதாக என்ன குறைந்துவிடப்போகிறது? மைதானத்தில் என்னிடம் இன்னும் ஏழு பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள். எல்லாம் பத்து, பதினொரு வயது. என்னை விட்டால் அதுகளுக்கு யார் இருக்கிறார்கள்?