வண்டியை ஓட்டியது நான்

சாட்சியின் பெயர் தனியே குறிக்கப்பட்டுள்ளது. வயது முப்பத்தொன்பது. தொழில், பல் மருத்துவமனை ஒன்றின் பின்பக்கக் கூடத்தில் செயற்கைப் பல் செய்வது. முகவரி, அண்ணன் வீட்டு மாடி அறை. குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் என் கணவர். 'பிரிந்து வாழும் கணவர்' என்று எழுதட்டுமா என்று அதிகாரி கேட்டார். கோர்ட் இன்னும் பிரித்துவைக்கவில்லை, அதனால் கணவர் என்றே எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் கணவர் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் டிரைவர். மெதுவாக ஓட்டுவதால் பணிமனையில் அவருக்கு ஆமை என்று பெயர். வீட்டில் அவர் பேச மாட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார், காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் சொல்ல மாட்டார். பதினோரு வருடம் சுவரோடு குடித்தனம் நடத்தியது போதும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பின்பு அண்ணனே முன்னின்று விவாகரத்து மனு போட்டார். அடுத்த மாதம் விசாரணை. அதுவரை அவரைப் பார்க்கவோ பேசவோ கூடாது, மீறினால் வாசலை மிதிக்கக் கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. அண்ணன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சென்ற சனிக்கிழமை மதியம் நான் வேலையில் இருந்தபோது கணவரிடமிருந்து போன் வந்தது. "நான்தான். எங்க பணிமனைக் காசாளர் ரிட்டயர் ஆகிறார்னு விருந்து. வற்புறுத்திக் குடிக்க வெச்சுட்டாங்க. நான் வண்டி எடுக்கக் கூடாது. நீ வந்து ஓட்டுறியா?" என்றார். வாடகைக் கார் பிடிக்க வேண்டியதுதானே என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அப்படி ஒரு போன் வராதா என்றுதான் இரண்டு வருடமாக நான் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறேன். வர நேரமாகும், வேலை இருக்கிறது என்று அண்ணிக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

அதன் பின்பு விருந்து மண்டபத்துக்குப் போனேன். அவர் வெளியே வெயிலில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு, டிரைவர் இருக்கையை எனக்குத் தோதாக முன்னால் இழுத்துப் போட்டு, வண்டியை எடுத்தேன். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மண்டபத்து வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். ஓட்டியது யார் என்று அவரைக் கேட்டால் சொல்வார்.

வழியெல்லாம் அவர் பேசினார். பதினோரு வருடத்தில் பேசாததையெல்லாம் நாலைந்து சிக்னலுக்குள் பேசினார். பால் இன்னும் ரெண்டு பாக்கெட்தான் வாங்குவதாகவும், ஒன்று கெட்டுப்போவதாகவும், நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை என்றும் சொன்னார். நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன்.

அவர் குடியிருக்கும் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினேன். ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறிக் கோணலாக நின்றது. வண்டி கோணலாக நின்றதையும் போதைக்கு ஆதாரமாகப் போலீசார் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோணல் என்னுடையது. எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் வண்டியை ஒழுங்காக நிறுத்த எனக்கு வரவில்லை.

அப்போது அவர், "வீட்டுக்கு வந்துடுறியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இதைக் கேட்க இவருக்கு ஒரு புட்டி தேவைப்பட்டதே என்ற கோபம். "குடிச்சுட்டுக் கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் கிடையாது. நான் வந்தது யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அப்போது அவர் பக்கத்து இருக்கையில்தான் இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

அதன் பின்பு திங்கட்கிழமை, என்னை முன்பே தெரிந்த அந்தக் காசாளர், விருந்தில் எதையோ கடித்து உடைத்துக்கொண்ட பல்செட்டோடு எங்கள் கூடத்துக்கு வந்தார். "ஆமையப் புடிச்சுட்டாங்கம்மா. தெருமுனையில டிரைவர் சீட்ல உக்காந்திருந்தானாம். ஊதச் சொன்னதும் ஊதிட்டான். வண்டிய யார் ஓட்டினதுன்னு கேட்டா மட்டும் வாயே தொறக்கல. ஜாமீன்ல விட்டிருக்காங்க. லைசென்ஸ் போச்சுன்னா வேலையும் போச்சு" என்றார். என் கையிலிருந்த பல்செட் விழுந்து இன்னொரு துண்டானது. "பரவால்லம்மா, ஏற்கெனவே உடைஞ்சதுதானே" என்றார்.

அன்று மாலையே இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த வக்கீலம்மா கைதுக் குறிப்பை நிலையத்திலிருந்து வாங்கிப் படித்துவிட்டு எனக்கு விளங்கும்படி சொன்னார். எதற்காகக் கைது செய்கிறோம் என்று போலீசார் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம், கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் வேண்டாம் என்றிருக்கிறார். உறவினர் யார் என்று கேட்டதற்கு, "மனைவி இருக்காங்க. அவங்களுக்குச் சொல்ல வேணாம்" என்றிருக்கிறார்.

"வாயைத் திறக்காம இருக்கறது அவரோட உரிமைம்மா. அதை வெச்சு அவர்தான் குத்தவாளின்னு யாரும் முடிவு கட்டக் கூடாது. ஓட்டினார்னு அவங்கதான் நிரூபிக்கணும். ஆனா டிரைவர் சீட்டு, சாவி, வாசனை, மூணும் ஒண்ணா இருக்கே" என்றார் வக்கீலம்மா. சட்டத்தைக் கேட்காமலேயே அந்த உரிமையைப் பதினோரு வருடம் என்னிடம் அனுபவித்தவர் அவர் என்றேன். வக்கீலம்மா சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்த வாய் திறக்கவில்லை என்று விட்டு வந்தேனோ, அந்த வாய் இப்போது எனக்காக மூடியிருக்கிறது.

கைதுக் குறிப்பில், முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டிய நிலையில் அமர்ந்திருந்தார் என்று இருக்கிறது. நான் அவர் தோளுக்குக் கீழே நிற்பவள். நான் இழுத்துப்போட்ட இருக்கையை அவர் பின்னால் தள்ளவே இல்லை. அந்த உயரத்துக்கு அப்படி உட்கார்ந்து யாராலும் பிரேக்கை மிதிக்க முடியாது. பிறகு எதற்காக அந்த இருக்கைக்கு மாறினார் என்று அதிகாரி கேட்டார். நான் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் அங்கே உட்கார நினைத்திருப்பார் என்றேன். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

இன்று காலை எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். "ஸ்டேஷன் படி ஏறினா, இந்தப் படி ஏறாதே" என்றார். அண்ணி என் துணிமணியைப் பையில் அடுக்கிக் கொடுத்தார். போன் சார்ஜரையும் மறக்காமல் வைத்திருந்தார்.

சாட்சிகளின் வாக்குமூல நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும், அதுவும் அவர் உரிமை என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். அதனால் இதை அவர் படிப்பார் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அதன் பின்பு, சம்மன் அனுப்ப எந்த முகவரி என்று அதிகாரி கேட்டார். என் கணவரின் முகவரியையே எனக்கும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"அவரைக் கேட்டுட்டீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"கேட்டது அவர்தான் சார். நான்தான் பதில் சொல்லாம வந்துட்டேன்" என்றேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, யாருடைய வற்புறுத்தலும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி