வலது கை எழாத மிஷின்

எஃகு உருண்டையைத் துடைக்க மண்ணெண்ணெய் போதும், இன்ஸ்பெக்டர் மேடம். சோப்புத் தண்ணீரில் கழுவித் துருப்பிடிக்க விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஆட்கள் என் வீட்டிலிருந்து எடுத்துவந்த மிஷினின் உருண்டை தனியாக ஒரு டப்பாவில் இருக்கிறது. அதைத் தொலைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் கிருபாசங்கர். கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். நான் கட்டிக் கொடுத்த மோட்டார் பதினெட்டு வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கோயமுத்தூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பின்பால் விளையாட்டு மிஷினுக்கு ஐம்பது வயது. குன்னூரில் ஒரு கிளப்பைக் காலி செய்தபோது வாங்கிவந்து வீட்டின் பின் அறையில் வைத்தேன். கண்ணாடிக்கு அடியில் சாய்வாக ஒரு பலகை. உருண்டு இறங்கும் உருண்டையைத் திருப்பி அடிக்கக் கீழே இரண்டு கைகள். பித்தானை அழுத்தினால் காயில் இழுக்கும், கை எழும். இடது கை சுளீரென்று அடித்தது. வலது கை பாதி எழுந்து தொங்கிப்போனது. காயிலை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். ஐந்து மாதம், மேடம். ஊரார் மோட்டாரையெல்லாம் ஓட வைக்கிறவனுக்கு இது ஒன்று படியவில்லை என்றால் எப்படி இருக்கும்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த அறையில் என் மாமனார் பாலுசாமி படுத்திருந்தார். மில்லில் பஞ்சுத் தூசியைக் குடித்துக் குடித்து நுரையீரல் போய்விட்டது. வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மிஷின் ஓடும்வரைதான் அவருக்கு மூச்சு. கரண்டு போனால் அது அலறும். உடனே பக்கத்தில் நிற்கும் சிலிண்டரைத் திறக்க வேண்டும். என் மனைவி லோகப்பிரியா இதை இருபது தடவையாவது எனக்குச் சொல்லியிருப்பாள்.

மாமனார் நல்ல மனிதர். யாரையும் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் பின் அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம், "இன்னிக்கும் ஆகலீங்களா மாப்ள?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள், "உடுங்க மாப்ள, பழசு பழசுதானுங்க. ஏனுங்க அதையப் போட்டு இம்சப்படுத்தறீங்க?" என்றார். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

மீட்டர் வைத்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. இரண்டு அறைக்கும் ஒரே லைன், பழைய ஒயர். ஆக்சிஜன் மிஷின் ஓடும்போது என் பக்கம் பதினைந்து வோல்ட் குறைந்தது. வலது கை எழாததற்கு அதுதான் காரணம் என்று முடிவுக்கு வந்தேன். அதே வோல்டேஜில் இடது கை எப்படி அடித்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். காலையில் கிளம்பும்போது லோகப்பிரியா, "ஏனுங்க, அப்பாவ அப்பப்ப எட்டிப் பாத்துக்குங்க" என்றாள். சரி என்றேன். பத்தரை மணிக்கு, அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஆக்சிஜன் மிஷினை அணைத்தேன். அலாரம் அடிக்கவில்லை. அதன் கம்பியை முந்தின புதன்கிழமையே கழற்றிவிட்டிருந்தேன். வாடகைக்கு விட்டவர் மிஷினைத் திரும்ப எடுக்க வந்தபோது கண்டுபிடித்து உங்களிடம் சொன்னது இதைத்தான். அது அலறினால் பின்பால் மிஷினுக்குள் சொடுக்கும் ரிலேயின் சத்தம் என் காதில் விழாது. அதற்காகத்தான் கழற்றினேன்.

வலது கை எழுந்தது, மேடம். உருண்டை பலகையின் உச்சிவரை போய் மணியை அடித்தது. ஐந்து மாதத்தில் முதல் தடவை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாப்ள, காத்து வரலீங்க" என்று மாமனார் கூப்பிட்டார்.

"இதோ வாரேனுங்க மாமா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். குரல் சன்னமாகியிருந்தது. "வேலையா இருந்தீங்கன்னா... முடிச்சுப்போட்டே வாங்க."

இதை அப்படியே பதிவு செய்துகொள்ள வேண்டும். முடித்துவிட்டு வரச் சொன்னது அவர். பெரியவர் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. சிலிண்டர் திறக்கும் ஸ்பேனர் என் டூல் பெட்டியில் இருந்தது. நான் ஞாபக மறதியாக எடுத்துப் போட்டுக்கொண்டேன் என்று லோகப்பிரியா இன்னும் நம்புகிறாள். மறதி இல்லை. அவர் எட்டித் திறந்துவிடக் கூடாது என்று காலையிலேயே எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. கட்டில் சட்டத்தை விரலால் தட்டினார்.

கால் மணி நேரம் போயிருக்கும். வலது கை மறுபடியும் பாதியில் தொங்கியது. மீட்டரைப் பார்த்தேன், வோல்டேஜ் முழுசாக இருந்தது. ஆக, கோளாறு ஆக்சிஜன் மிஷினால் வந்ததில்லை. வலது கையின் பித்தானுக்குப் பின்னால் கரண்டு தொட்டு விலகும் சின்னப் பட்டை கரி பிடித்துக் கிடந்தது, அவ்வளவுதான். உப்புத்தாளால் நாலு தேய்ப்பு தேய்த்தால் தீர்ந்தது. அதற்கா ஐந்து மாதம் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

தட்டும் சத்தம் அப்போதும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்துபோய் ஆக்சிஜன் மிஷினைப் போட்டிருக்கலாம்தான். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் கை வைத்தால், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது. அதனால் முதலில் பட்டையைத் தேய்த்தேன்.