மெழுகின் மேல் பதினேழு ஆண்கள்

ஒரே மத்தியானத்தில் பதினேழு ஆண்களின் தோலை உரித்தவன் நான். அவர்களில் ஒருவரையும் தொடவில்லை. அவர்கள் உரிந்துகொண்டிருந்த நேரமெல்லாம் நாற்காலியில் சாய்ந்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் நம்பவில்லை, அம்மா. கண்காட்சிக் கூடத்தார் உங்களை விசாரணைக்கு அனுப்பியது ஏசி மெக்கானிக்கின் தலையில் பழியைக் கட்டத்தான் என்று எனக்குத் தெரியும். கூடம் சூடானது, ஓவியங்களில் வண்ணம் உதிர்ந்தது, மெக்கானிக் வீட்டுக்குப் போகட்டும். என் கைத்திறமையை இன்னொருவருக்குத் தாரை வார்க்க எனக்கு மனமில்லை. பாவம், அந்த ஆளுக்கு அவ்வளவு சாமர்த்தியமும் கிடையாது. ஏசியை அணைத்ததுகூட நான்தான். சுவிட்ச் கதவோரம் இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு லட்சம் ராஜாக்களுக்கு மூக்கு ஒட்டியிருக்கிறேன். சரி, முந்நூறு. வண்ணம் எதில் ஒட்டும், எதில் ஒட்டாது என்பது எனக்கு அத்துப்படி. என் மனைவி ஓவியம் வரைகிறவள். அவளுக்கு வேண்டிய கான்வாஸை நான்தான் சட்டத்தில் இழுத்து அடித்து, வெள்ளைப் பூச்சு பூசி, காயவைத்துக் கொடுப்பேன். மேலே அவள் என்ன வரைந்தாலும் அடியில் இருப்பது நான். இதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் கரித்துண்டும் காகிதமுமாக வந்தாள்.

"கொஞ்சம் அசையாம உக்காருங்களேன்."

"எப்படி உக்காரணும்?"

"சாப்பாட்டுத் தட்டு வர்ற வரைக்கும் எப்படி உக்காருவீங்களோ, அப்படி."

சிம்மாசனத்தில் இருப்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். முடித்துக் காட்டினாள். மேசை முன்னால் ஓர் ஆள். இரண்டு கைகளும் இரவல் வாங்கியவைபோலத் தொடைமேல் கிடக்கின்றன. தண்ணீர்க் கூஜா அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவன் கண் சமையலறையைப் பார்க்கிறது. அவ்வளவுதான். கொம்பு இல்லை, கோரைப்பல் இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அரக்கனாக வரைந்திருந்தால் நானே ஆணியடித்து மாட்டியிருப்பேன்.

"இதே மாதிரி இன்னும் பதினேழு போடப்போறேன். கான்வாஸ் பண்ணிக் குடுங்க" என்றாள்.

"எல்லாத்துலயும் நானா?"

"ஆம்பளைங்களைப் போடறேன். பாக்கும்போது உங்களுக்கு நீங்களாத் தெரிஞ்சா நான் என்ன பண்றது?"

பண்ணிக் கொடுத்தேன். பூச்சுக்கு அடியில் மெழுகு வைத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்தால் தெரியாது. அவள் வரைகிற ஏசி அறைபோலக் குளிர்ந்த இடத்தில் வருடக்கணக்கில் தாங்கும். விளக்குச் சூடு பட்டால் மேலே இருப்பதெல்லாம் பிடியை விட்டுவிடும்.

இரண்டு வருடம் வரைந்தாள். தினமும் காலையில் தேநீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பேன். "இந்தக் காது சரியா வந்திருக்கா, பாருங்க" என்பாள். "பிரமாதம். இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துப் போடு" என்பேன். அவள் நேரம் எடுத்துப் போடுவாள். அவ்வளவு நிம்மதியான இரண்டு வருடங்கள் எங்கள் வாழ்க்கையில் இருந்ததில்லை.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றில் ஓர் ஆள் கண்ணாடி முன் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறான். அதைப் பார்த்து என் மைத்துனன், "மாமா, உங்க தொப்பைக்குத் தனியா டிக்கெட் போடலாம்" என்றான். இன்னொன்றில் பழைய ஓவியங்களில் பெண்கள் படுத்திருப்பார்களே, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, உடுப்பில்லாமல், அதேபோல ஓர் ஆள் படுத்திருக்கிறான். அப்படிப்பட்ட பெண்களை நாற்பது வருடம் பஞ்சால் துடைத்திருக்கிறேன். அவர்களுக்குக் குளிருமா என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இவனைப் பார்த்ததும் எனக்கே குளிரெடுத்தது.

பதினேழாவதில் ஒருவன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறான். நான் அப்படி அழுதது ஒரே ஒருமுறை, ஓய்வுபெற்ற அன்று. தண்ணீர் அவ்வளவு சத்தமாக விழுந்தது. அவளுக்கு எப்படிக் கேட்டது? அதை அவள் மற்ற எல்லாவற்றையும்விடப் பரிவாக வரைந்திருந்தாள். மன்னிக்கவே முடியாதது அதுதான்.

திறப்பு நாளில் பத்தாயிரம் பேர் வந்தார்கள். சரி, எழுபது. மூன்றரை மணிக்கு அழுகிறவனின் காது விழுந்தது. அப்புறம் மூக்குகள், தோள்கள், அந்தத் தொப்பை. வந்தவர்கள் கைதட்டினார்கள். ஆண்மை தானாக உதிர்வதைக் காட்டுகிறார் என்று ஒரு விமர்சகி மும்முரமாகக் குறிப்பெடுத்தாள். என் மனைவி மட்டும் குனிந்து இடது கையால் ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கி வலது உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு படத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது நீங்கள் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்கிறீர்கள்.

"சார், பதினெட்டாவதா ஒரு சின்னப் படம் மூலையில இருந்துச்சே. அது மட்டும் உதிரலை. எல்லாம் உங்க வேலைன்னா, அது எப்படித் தப்பிச்சுது?"

தப்பித்தது, ஏனென்றால் அது என் கான்வாஸ் இல்லை. எனக்குத் தெரியாமல் அவளே அடித்து, அவளே பூசியிருக்கிறாள். ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான். அதைவிடப் பெரிதாக இழுத்து அடிக்க அவளால் முடியாது. வலது கை விரல்கள் மடங்காது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், அவளுடைய முதல் கண்காட்சிக்குக் கிளம்பிய காலையில், காற்றில் கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் இடது கையால் வரையப் பழகினாள், கான்வாஸ் வேலை முழுக்க என்னிடம் வந்தது. அவளுக்கு நான் செய்ததை எந்தப் புருஷனும் செய்திருக்க மாட்டான்.

நீங்கள் அந்தப் படத்தின் புகைப்படத்தை என் முன்னால் நகர்த்துகிறீர்கள்.

"இதுல காத்து எதுவும் இல்லையே, சார். உள்ள ஒரு ஆள் கதவுக்குத் தோள் குடுத்து நிக்கிறாரு. இடுக்குல அவங்க நாலு விரல்."

கற்பனை. இந்த மாதிரி வரைகிற பெண்களுக்கு ஆண் என்றால் இப்படித்தான் தோன்றும். டாக்டர் காற்று என்று எழுதினார். அவளே டாக்டரிடம் காற்று என்றுதான் சொன்னாள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று இத்தனை வருடமும் நான் சந்தேகமில்லாமல் இருந்திருக்கிறேன்.

கொடுங்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். பழக்கம் விடாது.

வண்ணம் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. ஆனால் வேலையில் பிழை இருக்கிறது, அம்மா. தோளை முட்டுக் கொடுத்தால் அவ்வளவு நேரம் தாங்காது. முதுகைக் கொடுக்க வேண்டும், குதிகாலைத் தரையில் ஊன்றி. அப்புறம், நான்கு விரல்கள் இல்லை. மூன்றுதான். சுண்டுவிரலை இழுத்துக்கொள்ள நான் அவளுக்கு நேரம் கொடுத்தேன்.