அறிவித்தலுக்குக் கீழே ஒரு மாஷா அல்லாஹ்

"நீதான்கா எங்கள வித்த."

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே ஒன்லைன் கடையின் அபாயா லிங்கைப் பகிர்ந்து கமிஷன் எடுப்பவர்கள். முன்பு லிங்கைத் திறந்தவர் ஒரு மாதத்துக்குள் எப்போது வாங்கினாலும் கமிஷன் வரும். இனி அன்றைக்கே வாங்கினால்தான் என்று கடை மடத்தனமாக மாற்றிவிட்டது.

"நம்மட ஊர்ல எவள்கா பாத்த அண்டைக்கே வாங்குறாள்? உம்மாக்குக் காட்டி, கட்டார்ல இருக்கிற புருசனுக்குப் படம் அனுப்பி, அவர் ஓம் எண்டாத்தானே வாங்குவாள்."

"அதுக்கு நான் என்ன செய்ய, ராத்தா?"

"பழையபடி மாத்தும்வரை ஒருத்தரும் லிங்க் போடுறல்ல எண்டு கதைச்சோமா இல்லையா? நீ கடைர அறிவித்தலுக்குக் கீழ மாஷா அல்லாஹ் எண்டு போட்டாய்."

"மரியாதைக்குப் போட்டன்."

"அந்த மரியாதைக்கா கடைலருந்து பெருநாள் அபாயா உனக்கு மட்டும் முதல்ல சும்மா வந்த? அதுவும் உன்ட அளவுல."

இளையவள் தான் உடுத்திருந்த புது அபாயாவின் கையிலிருந்த மணிவேலையை ஷோலால் மூடினாள்.

"உனக்கு மட்டும் இன்னும் பழைய முறையாம். உண்மையா, பொய்யா? எனக்கிட்டச் சொல்லாத. போன எடு. குரூப்ல எல்லாருக்கும் கேட்க வொய்ஸ் போடு."