அறுபத்து நான்கு பேரின் வெறும் வயிறு

"பயப்படாம பேசு பிள்ள" என்று என் காதோடு சொல்லிவிட்டு, என்னைவிட அதிகமாகப் பயந்துபோய் அமர்ந்திருக்கும் நலன்புரிச் சங்கத் தலைவி அகஸ்டினா அம்மா அவர்களே! கொழும்பிலிருந்து வளைந்து வளைந்து மலையேறி வந்து, இன்னும் தலைசுற்றல் தீராமல் புன்னகைத்துக்கொண்டிருக்கும் வேர்நல நிலையத்தின் பிரதிநிதி துஷாந்த் அவர்களே! வாரம் ஆறு நாளும் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை மாரிசாமி மாமா அவர்களே! கிழமைக்கு ஒருமுறை வரும் ஓய்வையும் எங்களுக்குத் தந்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பேச்சு நீண்டால் நழுவலாம் என்று ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருக்கும் பெரியோர்களே! மூன்றாம் வரிசையில், மடியில் புதுக் கோப்புடன், என்னைப் பார்க்காமல் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மா ஜீவராணி அவர்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு மேடை புதிது. நான் அதிகம் பழகுவது சோதனைக் குழாய்களோடு. அவை கைதட்டுவதுமில்லை, கொட்டாவி விடுவதுமில்லை. அரசாங்க ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் பரிசோதிப்பது என் வேலை. இந்தத் தேயிலைத் தோட்டத்தின் முதல் பட்டதாரி என்று சற்றுமுன் என்னை அறிவித்தார்கள். அந்தப் பட்டத்தின் கனம் உங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியவரும். எனக்குத் தரப்பட்டிருப்பது வாழ்த்துரை. ஆகவே வாழ்த்துகிறேன்.

எதை வாழ்த்துவது? நான்கு கிழமைக்கு முன், குழந்தைகளை விட்டுச்செல்லும் நம் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டு, வேர்நல நிலையம் நம்மில் அறுபத்து நான்கு பேரிடம் இரத்தம் எடுத்தது. இரண்டு கிழமைக்கு முன், முடிவின் சாரத்தைத் தொலைபேசியில் சொன்னது. இன்று முழு அறிக்கையை, நாதஸ்வர இசையோடு, ஆளாளுக்கு மேடைக்கு அழைத்துக் கையளித்திருக்கிறது. இரத்த அறிக்கைக்கு மாலை போட்ட தோட்டம் ஊவா மாகாணத்தில் இதுவாகத்தான் இருக்கும். அந்தப் பெருமையை முதலில் வாழ்த்துகிறேன்!

நாங்கள் அரசாங்கத்தில் என்ன தருகிறோம்? உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் மங்கிய மையில் மூன்று எண்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "ரத்தம் கம்மியா இருக்கு, இந்த மாத்திரையக் குடிங்க, அடுத்தாள்!" அவ்வளவுதான். நலம் கேட்க நேரமில்லை. நாற்காலி கொடுக்க இடமில்லை.

வேர்நல நிலையம் என்ன தந்தது? முப்பத்தெட்டுப் பக்கம்! வழவழப்பான தாள், வண்ண வண்ணக் கட்டங்கள், வட்ட வட்டப் படங்கள்! நாங்கள் நோய் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். அவர்கள் நோயின் வேரைப் பார்ப்பார்களாம். நாங்கள் வைத்திருப்பது சாதாரண எல்லை. அவர்கள் வைத்திருப்பது உன்னத எல்லை. எங்கள் எல்லைக்குள் நின்றால் நீங்கள் நோயாளி இல்லை. அவர்கள் எல்லைக்குள் நிற்க வேண்டுமென்றால், தாய்மார்களே, நீங்கள் மனிதப் பிறவியாக இருப்பது கொஞ்சம் இடைஞ்சல்.

சிரிக்காதீர்கள். துஷாந்த் அவர்களும் சிரிக்கிறார். நன்றி சார்.

இரத்தம் எடுக்குமுன் அவர்கள் நூறு கேள்வி கேட்டார்கள். நம்மை யாராவது நூறு கேள்வி கேட்டிருக்கிறார்களா? அதற்காகவே வணங்கலாம். ஒரு கேள்வி: "பிற்பகலில் உங்களுக்குச் சோர்வு ஏற்படுகிறதா?" நமுனுகுல மலைச்சரிவில் காலையிலிருந்து கொழுந்து பறித்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிறுவைக்கு நடக்கும் பெண்ணிடம் கேள்வி இது. அறுபத்து நான்கு பேரும் ஆம் என்றீர்கள். அறுபத்து நான்கு பேருக்கும் சுரப்பியில் கோளாறு என்று அறிக்கை வந்தது! அதற்கு மருந்து என்ன? ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. "தினமும் முப்பது நிமிடம் இயற்கைச் சூழலில் நடக்கவும். காலை வெயில் உடலில் படட்டும்."

என்ன கலாராணி அக்கா, எழுந்துவிட்டீர்கள்?

"அப்ப நாங்க இத்தன வருசமா மருந்து தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோமா? அதுக்குத் தான் சம்பளமும் குடுத்தாங்களா?"

அக்கா, அந்தக் கேள்வியைத் தோட்டத் துரையிடம் கேளுங்கள். எனக்கு இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறதென்று அறிவிப்பாளர் விரலைக் காட்டுகிறார். அவர் காட்டட்டும்.

அடுத்த பக்கம். கோதுமையை விலக்க வேண்டும். பாதாமும் ஆழ்கடல் மீனும் உண்ண வேண்டும். லுணுகலைக் கடைத்தெருவில் ஆழ்கடல் மீன் என்று கேட்டுப் பாருங்கள். நெத்தலிக் கருவாட்டைத் தட்டில் போட்டு, "இதுவும் ஆழத்துல பிடிச்சது தாங்க" என்பார்கள். கோதுமை ரொட்டியை விலக்கினால் மலைக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது? மேடையில் வைத்திருக்கும் மாதிரிப் பிரதியின் முப்பத்தெட்டுப் பக்கத்திலும் தேடினேன். அந்தப் பக்கம் அச்சாகவில்லை.

இனி நான் சொல்லப்போவதற்கு அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "சொல்லிக்க. வயச மட்டும் சொல்லாத" என்றார். சொல்லமாட்டேன் அம்மா.

அறுபத்து நான்கு பேரில் அறுபத்தொரு பேருக்குச் சீனி வியாதியின் தொடக்கம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அம்மாவுக்கும் சொன்னார்கள். அன்றே அம்மா ரொட்டியை நிறுத்தினார். "செயற்கை மாத்திரைகளைத் தவிர்க்கவும்" என்றார்களாம். கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தினார். நான் தடுத்தேன். "நீ ஒரு துண்டு சீட்டுல சொல்ற. அவங்க முப்பத்தெட்டுப் பக்கம் எழுதியிருக்காங்களாம்" என்றார். கடந்த திங்கட்கிழமை, பதினோராம் நம்பர் மலையில், கூடையோடு மயங்கி விழுந்தார். நீங்கள்தான் தூக்கிவந்தீர்கள். உங்களுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இந்த மேடையிலிருந்து சொல்கிறேன்.

மறுநாள் விடியற்காலை, அம்மாவை என் ஆய்வுகூடத்துக்கு அழைத்துப்போக ஆயத்தமானேன். "அம்மா, ஒன்னும் சாப்பிடல தானே?" என்றேன். "பச்சத் தண்ணி பல்லுல படல" என்றார். சொல்லும்போது அவர் கையில் ஆவி பறக்க ஒரு கோப்பை.

"அது என்னம்மா?"

"சாயத்தண்ணி. பாலு கூட போடல."

"சீனி?"

"மூனு கரண்டி. ரொட்டியத் தானே நிறுத்தச் சொன்னாங்க?"

"அதுவும் குடிக்கக் கூடாதும்மா!"

"சாயத்தண்ணி ஒரு சாப்பாடாடி? பல்லு வெளக்குற மாதிரி அது. அது இல்லாம யாரு விடிகாலைல பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேரு குடுத்திருக்கா?"

சபையோரே, அன்றைய பரிசோதனையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன். இந்த மண்டபத்தில் கேட்கிறேன். அன்று பிள்ளைக்காம்பராவுக்கு வருமுன் சாயத்தண்ணி குடிக்காமல் வந்தவர்கள் யார்? கையை உயர்த்துங்கள்.

மூன்று பேர். கோவிலுக்கு விரதமிருந்த மூன்று பேர்! அறுபத்து நான்கில் மூன்று போனால் அறுபத்தொன்று. துஷாந்த் சார், நீங்கள் கண்டுபிடித்த நோயின் வேர் அதுதான். அது அடுப்படியில், கேத்தலுக்குள் இருக்கிறது.

"அப்ப கொழும்புக் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்கிறார்கள்.

இல்லை ஐயா. இங்கேதான் என் வாழ்த்துரை வாய்க்குள் சிக்கிக்கொள்கிறது. அவர்களுடைய இயந்திரம் பொய் சொல்லவில்லை. அன்று வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது யார்? "படித்த பிள்ளை, நம்ம பிள்ளை" என்று படிவத்தை யார் கையில் கொடுத்தீர்கள்? "உணவு ஏதேனும் உட்கொண்டீர்களா?" என்று, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல், உங்களை ஒவ்வொருவராகக் கேட்டது யார்? இல்லை என்றீர்கள். உண்மையைத்தான் சொன்னீர்கள். வெறும் வயிறு, ஆம்; வெறும் வயிறு, ஆம்; வெறும் வயிறு, ஆம் என்று அறுபத்து நான்கு முறை எழுதியது இந்தக் கை.

ஐந்தாம் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். சாயத்தண்ணி கொதிக்கும் சத்தத்தில்தான் தினமும் கண்விழித்தேன். கொழும்பிலிருந்து வந்தவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியாதா? தெரிந்ததை எல்லாம் பட்டம் வாங்கிய இடத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்தேனா? சங்கத்தார் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். இதை மடித்து அகஸ்டினா அம்மாவின் மேசையில் வைக்கிறேன். அறுபத்தொரு பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

வேண்டாம், கைதட்ட வேண்டாம். இன்னும் முடியவில்லை.

சாதாரண ஆய்வுகூடம் ஏதோ யோக்கியம் என்று நான் சொல்ல வந்ததாக நினைக்காதீர்கள். அம்மா இரண்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை குடித்தார். எதோடு குடித்தார்? சாயத்தண்ணியோடு! தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இது எங்கள் பாடத்தின் முதல் வருடத்திலேயே வருகிறது. மாத்திரை கொடுத்தவரும் கேட்கவில்லை, இரத்தம் பார்த்த நானும் கேட்கவில்லை. துண்டுச் சீட்டும் கேட்கவில்லை, முப்பத்தெட்டுப் பக்கமும் கேட்கவில்லை. உலகமெல்லாம் குடிக்கத் தேயிலை பறிப்பவர்கள் நாம். நாம் எப்போது, எதோடு, எப்படிக் குடிக்கிறோம் என்று நம்மிடம் கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை!

புதன்கிழமை, உண்மையாகவே வெறும் வயிற்றோடு, அம்மாவின் இரத்தத்தை மறுபடி பார்த்தேன். சீனி ஒழுங்காக இருந்தது. ஆனால் ஹீமோகுளோபின் என்று ஒன்று உண்டு. இரத்தத்தின் சிவப்பு அதுதான். பெண்களுக்குப் பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு ஆறு தசம் ஒன்பது. "உடனே பதுளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கவும், இரத்தம் ஏற்ற வேண்டும்" என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் நான்கு நாளாகச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. "ஞாயித்துக்கெழம புத்தகம் வரும். அதுல என்னா போட்டிருக்குன்னு பாத்துட்டுத் தான் போவேன்" என்றார் அம்மா. ஒரு நாள் தாமதமும் ஆபத்து என்று கெஞ்சினேன். பட்டதாரியின் கெஞ்சல் எங்கள் வீட்டுப் படி தாண்டவில்லை. நான் இந்த வாழ்த்துரைக்குச் சம்மதித்த காரணம் இதுதான். அம்மா என் பேச்சைக் கேட்கமாட்டார். மேடையின் பேச்சைக் கேட்பார்.

புத்தகம் வந்துவிட்டது அம்மா. எல்லோரும் தயவுசெய்து முப்பத்தோராம் பக்கத்தைத் திறவுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். வண்ணப் படத்தை விடுங்கள். கீழே, பொடி எழுத்தில், கடைசிக்கு முந்திய வரி. அம்மா, உங்களுடையதைக் கலாராணி அக்கா வாசிக்கட்டும். சத்தமாக அக்கா.

"ஹீமோ... குளோபின். ஏழு தசம் நாலு."

கேட்டீர்களா? நான்கு கிழமைக்கு முன்பே ஏழரைகூட இல்லை! வேர்நல நிலையமும் அதைத்தான் கண்டது, அரசாங்கமும் அதைத்தான் கண்டது. ஒன்று முப்பது பக்கத்துக்கு அடியில் புதைத்தது. மற்றொன்று மங்கிய மையில் கரைத்தது. துஷாந்த் சார், இதைத் தொலைபேசியில் ஏன் முதலில் சொல்லவில்லை?

"அது எங்கட திட்டத்தில மூன்றாம் கட்டம், மிஸ்."

மூன்றாம் கட்டம்! நல்லது. நாங்கள் இன்றே மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்டோம். அந்த வரியில் பத்துக்குக் கீழே உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள். வெட்கம் வேண்டாம். இது நீங்கள் செய்த குற்றம் இல்லை. ஒன்று... இரண்டு... அங்கே தூணோரம் மூன்று, நான்கு... ஐந்து... ஆறு. ஆறு கைகள். இந்த ஆறு பேரிடமும் இத்தனை நாள் யார் என்ன கேட்டார்கள்?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போகிறோம். நான் கூட வருவேன். சீட்டெழுதும் இடத்தில் நான் நிற்பேன். என்ன அம்மா? வாய் திறந்துவிட்டீர்களே. சத்தமாகச் சொல்லுங்கள்.

"நாளைக்கு மலைக்குப் போகலைன்னா பேரு யாரு போடுவா? ஒங்க பெரியாஸ்பத்திரியா போடும்?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் பெயர் போனால் ஒரு நாள் கூலி போகும். மாரிசாமி மாமா, இத்தனை பேர் உங்களையே பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன்.

"போங்கம்மா, போங்க. துரைகிட்ட நான் பேசுறேன். முழுப் பேரு போடாம விட்டா, நாளான்னைக்கு என்னைய மலையில நிக்க விடுவீங்களா நீங்க?"

விடமாட்டோம் மாமா! சபை சாட்சி. அகஸ்டினா அம்மா குறிப்புப் புத்தகத்தில் எழுதுகிறார். துஷாந்த் அவர்களே, நீங்களும் ஒரு முறை உங்கள் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தோட்டத்துக்குப் போகும்போது அந்த ஹீமோகுளோபின் வரியை முதல் பக்கத்தில் போடுங்கள். உங்களை அன்று மனதார வாழ்த்துவேன்.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், ஒரு காலை வெளியே வைத்திருந்தும் போகாமல் நின்ற பெரியோர்களுக்கும், மேடை தந்த சங்கத்துக்கும் என் நன்றி உரியதாகுக. போய்...

பொறுங்கள். மூன்றாம் வரிசை. ஏழு.

அம்மா, கையை இறக்கலாம். எண்ணிவிட்டேன். வணக்கம்.