மழைக்குச் சொந்தக்காரி

மெர்லிமாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் மெதுவாக நகர்ந்தன. பாதித் தூக்கத்தில் இருந்த என்னை இளையவளின் குரல் எழுப்பியது.

“மழை என்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க லா, அக்கா.”

“எந்த மழை?”

“என் வெப்சைட்டு. ‘மழை’ங்கிறதுதான் அதோட பேரு. மழை பெய்யும்போது தகரக் கூரைச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிப் போடுவேன். கப்பல்ல இருக்கிற எங்க வீட்டுக்காரரு அதைக் கேட்டுத்தான் தூங்குவாரு. ஒரு ரெயின்கோட் கம்பெனி, ‘மழை’ எங்க பிராண்டு, பேரைக் கொடுன்னு கேஸ் போட்டுச்சு.”

“பயந்துட்டியா?”

“ரொம்ப. கேஸ் முடியுற வரைக்கும் புதுசா எதுவும் போடல. மழை வந்தா சும்மா உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருப்பேன். நான் ரெயின்கோட்டும் விக்கல, பேரை விக்கவும் பார்க்கலன்னு பதில் போட்டேன்.”

“அப்புறம்?”

“மழை எல்லாரும் பேசுற சொல்லு, ஒரு கம்பெனி மட்டும் பறிச்சுக்க முடியாதுன்னு தீர்ப்பு. அப்படின்னா அது எனக்கும் சொந்தமில்லதானே, அக்கா?”

மூத்தவள் சிரித்தாள். “வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?”

“நடுக்கடல்ல பெய்ஞ்ச மழையை ரெக்கார்ட் பண்ணி அனுப்பியிருக்காரு. தண்ணி மேல விழுற மழை, சத்தமே வேற மாதிரி இருக்கு.”

அவள் ஒரு இயர்ஃபோனை மூத்தவளின் காதில் வைத்தாள். மலாக்கா வந்து சேரும்வரை இருவரும் அந்தக் கடல் மழையைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.