பச்சைக் குடை

மாரண்டஹள்ளி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். மனைவியின் மடியில் ஆஸ்பத்திரி மனநோய்ப் பிரிவின் சீட்டு இருந்தது. பாலக்கோடு தாண்டி மழை பிடித்ததும் கணவர் சொன்னார்:

“மேரி, அந்தப் பொண்ணோட குடைய நான் திருப்பிக் குடுக்கவே இல்ல.”

“எந்தப் பொண்ணுங்க?”

“பச்சைக் குடை. பிடியில நூல் சுத்தியிருந்துச்சு. என் கையில குடுத்துட்டு அது நனைஞ்சிக்கிட்டே ஓடுச்சு.”

“எங்கன்னு நெனப்பிருக்குதுங்களா?”

“மாத்திரையில காதுல கேட்ட அந்தக் குரலுங்கெல்லாம் நின்னுபோச்சு. ஆனா எங்க, எப்போ, யாருன்னு ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது.”

“கோயில்ல நம்ம கல்யாணத்த அறிவிச்சு மூணாவது ஓலை வாசிச்ச ஞாயித்துக்கிழமைங்க. பூசை முடிஞ்சு வெளிய வந்தா மழை. அது நான்தாங்க.”

“ஓலை வாசிச்சது நல்லாத் தெரியும். ஃபாதர் உன் ஊர்ப் பேர மாத்தி வாசிச்சாரு, எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு மழையே இல்லையே. குடை வேற நாளு.”

மனைவி சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“பாவம் அந்தப் பொண்ணு. இன்னுமா எனக்காக நின்னுக்கிட்டிருக்கும்?”

“நின்னுக்கிட்டுதாங்க இருக்குது.”